கடலுக்கும் நேரம் பார்க்க வேண்டும்

லண்டன் தமிழ் வீடுகளில் கடற்கரைப் பயணம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் முளைக்கிறது. வங்கி விடுமுறை நெருங்கும். வானிலைச் செயலி 28 பாகை என்று காட்டும். யாரோ ஒருவர் ‘பிரைட்டனா, மார்கேட்டா?’ என்று ஆரம்பித்து வைப்பார். பிறகு கேள்விகள் மளமளவென்று வரும். கோச் பிடிப்பதா, கார்களில் போவதா? பார்க்கிங் கிடைக்குமா? ரோல்ஸ் யார் பொறுப்பு? பெரியவர்களுக்கு மடக்குக் கதிரை எடுக்க வேண்டாமா? கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா? இத்தனையும் பேசி முடிக்கும் குழுவில், ‘அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும்?’ என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் எந்தக் கடற்கரைக்குப் போகும்போதும் அப்படிக் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. அலை பெரிதா, காற்று பலமா என்று பார்ப்பார்கள். கரை இருந்த இடத்தில் இருக்கும். இங்கிலாந்தின் தென்கரையிலும் தேம்ஸ் முகத்துவாரத்திலும் கரையே நாளுக்கு இரண்டு முறை இடம் மாறுகிறது. லண்டன் தமிழருக்குக் கடற்கரைப் பாதுகாப்பு என்று ஒன்றைச் சொல்லித் தருவதானால், நீச்சலுக்கும் எச்சரிக்கைக் கொடிகளுக்கும் முன்னால் இந்த வற்றுப்பெருக்கைத்தான் சொல்லித் தரவேண்டும். சொல்லித் தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2016ஆம் ஆண்டின் கோடை காட்டியது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 24, புதன்கிழமை. ஆண்டின் மிக வெப்பமான நாட்களில் ஒன்று. லண்டனிலிருந்து இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் கிழக்கு சஸ்ஸெக்ஸில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போனார்கள். மூத்தவருக்கு 27 வயது, இளையவருக்கு 18. பிற்பகலில் நீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் சிக்கினார்கள். மூவரைக் கரைக்குக் கொண்டுவந்தும் உயிர் மிஞ்சவில்லை. மற்ற இருவரின் உடல்கள் மாலையில் கிடைத்தன. கடற்கரை நிறைய மக்கள் இருந்த ஒரு பட்டப்பகலில், புயலும் இல்லாத, பேரலையும் இல்லாத கடலில் இது நடந்தது.

அதற்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்பு, ஜூலை 24 அன்று, அதே கடற்கரையில் 19 வயது இளைஞர் ஒருவர் மூழ்கினார். அவரைக் காப்பாற்றப் போன 36 வயதுக்காரரும் இறந்தார். ஒரே கோடையில், ஒரே மணற்பரப்பில், ஏழு உயிர்கள். 2017 ஜூனில் ஹேஸ்டிங்ஸில் மரண விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி ஆலன் கிரேஸ் எழுவரின் சாவையும் விபத்து மரணம் என்ற வகையில் சேர்த்து முடித்தார்.

துக்க வீடுகளில் அப்போது அதிகம் கேட்ட பேச்சு, ‘நீச்சல் தெரியாமல் ஏன் இறங்கினார்கள்?’ என்பதுதான். இறந்தவர்கள் மேலேயே பழியைப் போட்டுவிடும் கேள்வி அது. அதோடு, கேம்பரில் என்ன நடக்கிறது என்பதையும் அது மறைத்துவிடுகிறது. அங்கே ஆபத்து பெரும்பாலும் நீந்திப் போகிறவரைத் தேடி வருவதில்லை. நின்றுகொண்டிருப்பவரைத் தேடி வருகிறது.

பிரைட்டனிலும் ஹேஸ்டிங்ஸிலும் கரை முழுவதும் கூழாங்கல். கேம்பரில் மைல்கணக்கில் மெல்லிய மணல், பின்னால் மணற்குன்றுகள். ஊர்க் கடற்கரையை நினைவூட்டும் இடம் என்பதால்தான் தமிழ்க் குடும்பங்கள் அதைத் தேடிப் போகின்றன. நீர் வற்றும்போது கடல் அரை மைல் அளவுக்குப் பின்வாங்கும். தரை ஒரே மட்டமாகத் தெரியும். ஆனால் அதில் நீளநீளமான மணல்திட்டுகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களும் இருக்கின்றன. நீர் திரும்பி ஏறும்போது நேராகத் திட்டின் மேல் வருவதில்லை. பள்ளங்களின் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் புகுகிறது. திட்டின் மேல் பந்து விளையாடிக்கொண்டிருப்பவருக்குக் கணுக்கால் மட்டும்தான் நனைந்திருக்கும். திரும்பிப் பார்த்தால் அவருக்கும் கரைக்கும் நடுவே மார்பளவு தண்ணீர், அதுவும் ஓடுகிற தண்ணீர். கரையை நோக்கி நடக்க ஆரம்பித்தவர் ஆழத்தை நோக்கி நடக்கிறார்.

இந்த ஏற்றம் ஒரே வேகத்தில் நடப்பதும் இல்லை. மாலுமிகள் கைக்கணக்காக வைத்திருக்கும் பன்னிரண்டு பங்கு விதி ஒன்று உண்டு. நீர் ஏறி முடிய ஏறத்தாழ ஆறு மணி நேரம். முதல் மணி நேரத்தில் மொத்த உயரத்தில் 12இல் 1 பங்குதான் ஏறும். இரண்டாவதில் 2 பங்கு. மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 3 பங்கு. பிறகு 2, கடைசியில் 1. இந்தக் கரையில் பெரிய ஏற்ற நாட்களில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு 6 மீட்டரைத் தாண்டும். அந்தக் கணக்கில் முதல் மணி நேரத்தில் அரை மீட்டர் ஏறிய கடல், மூன்றாவது மணி நேரத்தில் ஒன்றரை மீட்டர் ஏறுகிறது. ஒரு வளர்ந்த மனிதரின் கழுத்து உயரம் அது. ‘ஒரு மணி நேரமாகப் பார்க்கிறோம், கடல் அங்கேயேதான் நிற்கிறது’ என்று தைரியம் சொல்பவர், கடல் விரைவெடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் அந்தத் தைரியத்தைச் சொல்கிறார்.

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்த கண்ணுக்கு இது பழக்கமே இல்லை. இலங்கையைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. காரைநகரின் கசூரினா கடற்கரையில் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். காலையில் நடந்த இடத்தில் மாலையிலும் நடக்கலாம். நீச்சல் பழகப் பிள்ளைகள் கீரிமலைக் கேணிக்குப் போவார்கள், இல்லையென்றால் தோட்டத்துக் கிணற்றில் குதிப்பார்கள். மெரினாவில் ஆபத்து வேறு மாதிரி: கரையை ஒட்டியே திடீர் ஆழம், மோதித் திரும்பும் அலையின் இழுப்பு. அதனால்தான் அங்கே குளிக்கத் தடை, அதனால்தான் போலீஸ்காரரின் விசில். அந்த ஆபத்துக்குச் சத்தமும் உருவமும் இருந்தன. கேம்பரில் சத்தமில்லாமல் பாதத்தைத் தொடும் தண்ணீரைப் பார்த்து ஓட வேண்டும் என்று உடம்புக்குத் தோன்றாது.

ஆறு மீட்டர் என்பதை நம்ப முடியாதவர் அதைப் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. லண்டன் பாலத்தருகே தேம்ஸ் ஆறு நாளுக்கு இரண்டு முறை 7 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. ஆற்றின் தென்கரையில் நடப்பவர் காலையில் பார்க்கும் சேற்று மணலும் கற்களும் பிற்பகலில் இருக்காது. சுவரில் பாசி படிந்த கோடு மட்டும் நனைந்து தெரியும். 1934இல் லண்டன் கோபுரத்தின் அடியில் மணலைக் கொண்டுவந்து கொட்டி, ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு கடற்கரையையே உருவாக்கினார்கள். ஆறு வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும் இறங்கக்கூடிய கடற்கரை அது. 1971இல் ஆற்று மாசு காரணமாக மூடப்படும் வரை, நேரம் பார்த்து இறங்குவதும் நேரம் பார்த்து ஏறுவதும் கிழக்கு லண்டன் பிள்ளைகளுக்கு விளையாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. இப்போது வாட்டர்லூ பாலத்தருகே மிதக்கும் உயிர்காப்புப் படகு நிலையம்தான் நாட்டிலேயே அதிக அழைப்புகளுக்குப் போகும் நிலையம்.

கிழக்கு லண்டன் குடும்பங்களுக்குப் பக்கத்தில் உள்ள சவுத்எண்டும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அந்த ஊரின் பாலத்துறை 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம்; உல்லாசப் பாலத்துறைகளில் உலகிலேயே நீளமானது. அழகுக்காக அவ்வளவு தூரம் நீட்டவில்லை. நீர் வற்றினால் கடல் ஒரு மைல் தள்ளிப் போய்விடும், படகு கரையைத் தொட முடியாது என்பதால் நீட்டினார்கள். அந்தச் சேற்றுப் பரப்பில் நடந்து போய் மாட்டிக்கொள்பவர்களை மீட்கப் படகும் உதவாது, வாகனமும் உதவாது என்பதால் அங்கே காற்றுமெத்தை ஊர்தி ஒன்றையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கவுன்சிலின் வேலை அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேம்பரில் உயிர்காப்பாளரை நியமிக்கலாம் என்று ராயல் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம், அதாவது ஆர்.என்.எல்.ஐ., 2013லேயே பரிந்துரைத்திருந்தது. 2016 ஆகஸ்ட் 24 அன்று அந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளர் யாரும் இல்லை. அடுத்த சில நாட்களில் வந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு கோடையும் இருக்கிறார்கள். செய்ய முடிந்த வேலைதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பிரிட்டனில் கடற்கரைக்கு உயிர்காப்பாளரை வைத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் உள்ளூராட்சியைக் கட்டாயப்படுத்துவதில்லை. 1824இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. இன்றும் மக்களின் நன்கொடையில் ஓடும் அறக்கட்டளை. 2001 முதல் கடற்கரைக் காவலையும் ஏற்றிருக்கும் அது, இப்போது சுமார் 240 கடற்கரைகளில் ஆட்களை நிறுத்துகிறது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து போவதுதான் பயணத்தின் முதல் முடிவாக இருக்க வேண்டும். கடை, பார்க்கிங், கழிப்பறை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதோடு பொறுப்பு தீர்ந்துவிடுவதும் இல்லை. உயிர்காப்பாளர்கள் பெரும்பாலும் காலை 10 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் போய்விடுவார்கள். தமிழ்க் குடும்பங்களின் நாள் வேறு கணக்கில் ஓடுகிறது. எட்டு மணிக்கு என்று சொன்ன கோச் ஒன்பதரைக்குப் புறப்படும். கடலைப் பார்க்க மதியமாகிவிடும். சாப்பாடு, பந்து, பாட்டு, தூக்கம். ஜூன், ஜூலையில் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகும். பார்பிக்யூ அடுப்பு சூடாகி, இறைச்சி வெந்துகொண்டிருக்கும் ஆறரை மணிக்குப் பிள்ளைகள் மறுபடி தண்ணீருக்குள் ஓடுகிறார்கள். கொடி இறக்கப்பட்டிருக்கும். உயரமான நாற்காலி காலியாக இருக்கும். வெளிச்சம் மட்டும் நண்பகல் போலவே இருக்கும்.

காவல் இருந்தும் தப்பாத நாட்களும் உண்டு. 2023 மே 31 அன்று போர்ன்மத் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் இருந்தார்கள். பாலத்துறையை ஒட்டித் திடீரென்று உருவான இழுவை நீரோட்டம் ஒன்று பலரைச் சேர்த்து இழுத்தது. பலர் மீட்கப்பட்டார்கள்; 17 வயது இளைஞர் ஒருவரும் 12 வயதுச் சிறுமி ஒருவரும் இறந்தார்கள். கரையில் மோதிக் குவியும் நீர் ஏதாவது ஒரு வழியில் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வழியில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப் போவார். கால் தட்டினால் நின்று நடக்க வேண்டும்; தட்டாவிட்டால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்; முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். அலைகள் உடையும் இடங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால், பிள்ளைகளை இறக்க நல்ல இடம் என்று தோன்றும். பல நேரம் இழுவை ஓடுவது அங்கேதான்.

இன்னொரு எதிரி குளிர். ஆழிக்குமரன் ஆனந்தனை வல்வெட்டித்துறை மறக்கவில்லை. 1971இல் பாக்கு நீரிணையை அங்கிருந்து கோடியக்கரைக்கும், அங்கிருந்து திரும்பியும் நீந்திக் கடந்தவர். கின்னஸ் சாதனைகள் பல அவர் பெயரில் இருந்தன. அவர் 1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். பாக்கு நீரிணையில் நீரின் வெப்பம் 28 பாகையைச் சுற்றி இருக்கும். ஆங்கிலக் கால்வாயில் ஆகஸ்ட்டிலும் 17, 18தான். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலின் ஆண்டுச் சராசரி 12 பாகை. மே மாத வங்கி விடுமுறைக்கு வெயில் 25 பாகை அடித்தாலும் கடல் இன்னும் குளிர்காலத்தைவிட்டு வெளியே வந்திருக்காது.

15 பாகைக்குக் கீழே உள்ள நீரில் உடம்பு திடீரென்று இறங்கினால் முதலில் கை கால் விறைப்பதில்லை. மூச்சுதான் கட்டுப்பாட்டை இழக்கிறது. தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு உள்ளே போகிறது. அந்த நொடி வாய் தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் போகிறது. இதயம் படபடக்கிறது. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மைக் டிப்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த அதிர்ச்சியைத்தான். இது ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்பதுதான் முக்கியம். அதுவரை நீந்த முயலாமல், தலையைப் பின்னால் சாய்த்து, காது நீரில் அமிழ மல்லாந்து, கை கால்களை மெல்ல அசைத்து மிதந்தால் மூச்சு திரும்பிவிடும். ஆர்.என்.எல்.ஐ. நாடு முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான். நீச்சல் தெரியாதவருக்கும் இதைப் பழக்கலாம். உள்ளூர் நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில், ஒரு சனிக்கிழமைக் காலையில்.

நீச்சல் என்று வரும்போது சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டப்படி ஆரம்பப் பள்ளியை முடிக்கும் பிள்ளை 25 மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி அழைத்துப் போகும் சில வாரங்களோடு பல வீடுகளில் அந்தக் கதை முடிந்துவிடுகிறது. ஸ்போர்ட் இங்கிலாந்து தரவுகளின்படி ஆசிய வம்சாவளிப் பெரியவர்களில் 93 சதவீதம் பேர் நீச்சலுக்குப் போவதில்லை. மிருதங்கத்துக்கும் பரதத்துக்கும் லெவன் பிளஸ் டியூஷனுக்கும் வாரம் தவறாமல் காரோட்டிப் போகும் பெற்றோர், நீச்சல் வகுப்பை ‘எல்லாம் பழகியாச்சு’ என்று பத்து வயதில் நிறுத்திவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னாலேயே நிறுத்துகிறார்கள், காரணம் உடை. கைகால் மூடிய நீச்சல் உடை இன்று எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கிறது. சுடிதாரோடும் ஜீன்ஸோடும் கடலில் இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல். நனைந்த பருத்தித் துணியோடு நீரில் கை வீசவே முடியாது. நிறமும் கவனிக்க வேண்டியது: நீலமும் வெள்ளையும் நீருக்குள் மறைந்துவிடும், பளிச்சென்ற ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தூரத்திலிருந்து தெரியும்.

கூட்டமாகப் போவதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் பெரியது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் கரையில், பிள்ளையை அம்மம்மா பார்க்கிறார் என்று அம்மா நினைப்பார், சித்தப்பா பார்க்கிறார் என்று அம்மம்மா நினைப்பார். சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார். உண்மையில் மூழ்குபவருக்கு மூச்சுக்கே நேரம் இல்லை, கத்த முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய் வரும், கைகள் தண்ணீரைக் கீழே அழுத்தும், அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால் ‘எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது யாருக்கும் கொடுக்காத பொறுப்பு. அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்த அரை மணி நேரம் அவர் கையில் போனும் தட்டும் இல்லாமல் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதும்.

காப்பாற்றப் பாய்வதும் யோசிக்க வேண்டியது. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவுச்சின்னம், 1930 டிசம்பரில் மூழ்கியவரைக் காக்கப் போய் இறந்த டேனிஷ் மாலுமி ஷ்மிட்டுக்காக எழுப்பியது. கேம்பரில் இறந்த 36 வயதுக்காரரும் அதே வழியில் போனவர்தான். அந்த வீரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கரையில் நிற்பவர் செய்ய வேண்டியது முதலில் 999ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேட்பது. அடுத்து, மிதக்கும் எதையாவது வீசுவது. மிதவை வளையம் இல்லாவிட்டால் பந்து, மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்க் கலன், காலியான கூல் பாக்ஸ். தமிழ்க் குடும்பங்கள் கடற்கரைக்குக் கொண்டுபோகாத பொருளா?

எச்சரிக்கை எழுதப்படுவதும் அது போய்ச் சேருவதும் ஒன்றல்ல. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். தூரக் கடலில் எழுந்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கரையில் வந்து பாயும் கள்ளக்கடல் பற்றி ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. படித்தவர்களிடம்கூட அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை. கோவா அரசு 2008 முதல் தனி அமைப்பை வைத்துக் கடற்கரைகளில் ஆட்களை நிறுத்துகிறது. பலகையைப் படிக்காதவர்களின் காதில் நேராகப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். லண்டன் தமிழரிடம் நேராகப் போய்ச் சொல்லக்கூடியவர்கள் யார்?

அதற்கான ஏற்பாடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ராகுகாலம் பார்க்காமல் கார் வாங்காத சமூகம் இது. அமாவாசையும் பௌர்ணமியும் குறித்த நாட்காட்டி ஏறத்தாழ எல்லாச் சமையலறையிலும் தொங்குகிறது. கடலின் ஏற்றமும் அதே சந்திரனுக்குத்தான் கட்டுப்பட்டது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில் நீர் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். அட்டமியை ஒட்டி அந்த வேறுபாடு குறையும். அமாவாசைக்கு விரதம் இருக்கும் பாட்டிக்கு, அந்த வாரம் மணல் அதிக தூரம் திறந்துகிடக்கும், கடலும் அதிக வேகத்தில் திரும்பி வரும் என்று ஒரு வரி சொன்னால் போதும், வீடே அதன்படி நடக்கும்.

ஆனால் நாட்காட்டியோடு நின்றுவிடவும் முடியாது. 2016 ஆகஸ்ட் 24 பௌர்ணமி கழிந்த ஆறாம் நாள். மறுநாள் அட்டமியில் வரும் கிருஷ்ண ஜெயந்தி. சந்திரக் கணக்கில் பெரிய ஏற்றம் எதிர்பார்க்கக்கூடிய நாளே அல்ல. அப்படிப்பட்ட நாளிலேயே கேம்பரில் ஐந்து பேர் திரும்பவில்லை. ஆகவே பார்க்க வேண்டியது அந்த ஊருக்கு, அந்த நாளுக்கு உரிய அட்டவணை. அட்மிரால்டி ஈஸிடைட் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், போன வாரம் போனவரின் அனுபவம் இந்த வாரத்துக்குச் செல்லாது. கோச் புறப்படும் நேரத்தோடு சேர்த்து, ‘இன்று நீர் வற்றுவது 11 மணி, ஏறத் தொடங்கினால் திட்டுகளைவிட்டு வந்துவிட வேண்டும்’ என்று இரண்டு வரி அனுப்புவது அமைப்பாளரின் வேலையில் சேரவேண்டும்.

பழைய மாணவர் சங்கங்களும் கோயில்களும் விளையாட்டுக் கழகங்களும்தான் கோடையில் கோச்களை நிரப்புகின்றன. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும், அவர்களுக்காக வெளியே காத்திருக்கும் பெற்றோரையும் வாரம் தவறாமல் ஒரே இடத்தில் சேர்க்கின்றன. ஜூனில் ஒரு வகுப்பு போதும்: மிதப்பது எப்படி, கொடிகள் என்ன சொல்கின்றன, 999இல் யாரைக் கேட்பது, அட்டவணையை எப்படி வாசிப்பது. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் குளிக்கலாம். முழுச் சிவப்பு பறந்தால் இறங்கவே கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டம் சறுக்குப் பலகைக்காரருக்கு. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் ரப்பர் மெத்தையை ஊதவே வேண்டாம், கரையிலிருந்து வீசும் காற்று அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். பத்து நிமிடப் பாடம். இங்கிலாந்து அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட பள்ளி வழிகாட்டலில் நீர்ப் பாதுகாப்பையும் சேர்த்து, 2026 செப்டம்பர் முதல் நடைமுறை என்று அறிவித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை அதைக் கற்பது நல்லது. ஆனால் கடற்கரைக்கு எப்போது போவது, எப்போது கிளம்புவது என்று முடிவெடுப்பது பிள்ளை அல்ல. ஐம்பது வயது மாமா. அவருக்கு யாரும் பாடம் எடுக்கப் போவதில்லை.

கவுன்சில்களிடமும் கேட்க வேண்டியது மிச்சமிருக்கிறது. கேம்பரின் பெரிய கார் நிறுத்துமிடங்கள் ராதர் கவுன்சிலுக்குச் சொந்தமானவை. கோடை முழுவதும் அங்கே கட்டணம் செலுத்துபவர்களில் லண்டன்காரர் ஏராளம். அந்தப் பணத்தில் ஒரு பங்கை, ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை உயிர்காப்பாளரை மாலை எட்டு மணிவரை நிறுத்தச் செலவிட வேண்டும் என்று கேட்பது அதிகப்படி அல்ல. கட்டணம் வாங்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே அன்றைய வற்று, பெருக்கு நேரங்களைக் கொட்டை எழுத்தில், தமிழிலும் எழுதி வைக்கலாம். எண்ணும் மூன்று நான்கு சொல்லும்தான் தேவை. மொழிபெயர்ப்புக்கு என்று பெரிதாகச் செலவும் இல்லை. லண்டன் தமிழ் அமைப்புகள் கையெழுத்திட்டு அனுப்பும் ஒரு கடிதத்தில் இந்த இரண்டு கோரிக்கைகளும் அடங்கும். அடுத்த கோடைக்கான பணிக்கு ஆட்களையும் நேரங்களையும் கவுன்சில்கள் முடிவுசெய்வது குளிர்காலத்தில் என்பதால், கடிதம் போக வேண்டியது தைப்பொங்கலுக்கு முன்னால்.